ஈரல் செய்த வேலை

பேசாலையில் மாக்கிறட்டின் வீட்டு வாசலுக்கு வந்து நின்ற வான் வண்டியிலிருந்து முதலில் இறங்கியவரை, "இவ்வளவு நேரமும் எங்க நிண்டனீங்கள்?" என்று ஏசி, கையைப் பிடித்து அவள் உள்ளே இழுத்துக்கொண்டு போனதையும், அவர் அவளுடைய புருஷன் அல்ல, புருஷனின் இரட்டைச் சகோதரர் என்று தெரிந்து ஒழுங்கைச் சனம் முழுக்கச் சிரித்ததையும் போன கிழமை பார்த்தோம். சிரித்தவர்கள் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். மாக்கிறட்டுக்குத்தான் படுக்கும்வரை முகம் சுட்டுக்கொண்டிருந்தது.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. அமிர்தநாயகமும் அருள்நாயகமும் ஒரே அச்சு. தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்துக்குப் பயந்து ஊர் ஓடிய ஓட்டத்தில் தாயோடு வள்ளம் ஏறிய அருள்நாயகம் இந்தியாவில் மண்டபம் அகதி முகாமில் வளர்ந்தார். தகப்பனோடு மடு மாதா கோயில் முகாமுக்கு ஓடிய அமிர்தநாயகம் இங்கே வளர்ந்தார். அன்று இருவருக்கும் பன்னிரண்டு வயது. அதற்குப் பிறகு போனில் முகம் பார்த்துப் பேசியதோடு சரி. வருகிற புதன்கிழமை அமிர்தநாயகத்தின் மகள் டினோஜாவுக்குக் கல்யாணம் என்பதால் அருள்நாயகம் விமானம் ஏறி வந்துவிட்டார்.

வரவேண்டிய இன்னொருவர் மட்டும் வரமாட்டார். அது மாக்கிறட்டின் ஒரே தம்பி றொட்னி.

அவர்கள் குடும்பத்தில் பெண்ணை வீட்டுப் படியிலிருந்து கைபிடித்து இறக்கி, கோயிலுக்குப் போகிற வாகனத்தில் ஏற்றிவிடுவது தாய்மாமன்தான். டினோஜா ஒரேயடியாகச் சொல்லிவிட்டாள்: "றொட்னி மாமா வராட்டி நான் படி இறங்கமாட்டன்." அவள் வாயால் மிரட்டுகிற பிள்ளை அல்ல. சொன்னால் செய்துவிடுவாள். அந்தக் குணத்தை யார் கொடுத்தது என்று ஊரில் யாரும் விசாரிக்கத் தேவையில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. விடிந்தும் விடியாததுமாக மாக்கிறட் தேத்தண்ணிக் கோப்பையோடு பின்வளவுக்குப் போனாள். வேப்பமரத்தடியில் அவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். சிகரெட்டைக் கட்டைவிரல் நகத்தில் தட்டி, வாயில் வைத்துப் பற்றவைத்தார். அவசரம் அவசரமாக நாலு இழுவை.

"வெறும் வயித்தில அந்தச் சனியன் என்னத்துக்கு உங்களுக்கு? தேத்தண்ணி குடிக்கிற அளவுக்காவது பொறுக்கேலாதோ?"

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். கை முதுகுக்குப் பின்னால் போனது.

"மதினி, மன்னிச்சுக்கோங்க" என்றார் அருள்நாயகம்.

இரண்டாவது முறை. மாக்கிறட் கோப்பையை அவர் கையில் கொடுத்துவிட்டு, வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் போனாள். முன்வாசல் படலையடியில் அவளுடைய சொந்தப் புருஷன் நின்றார். சிகரெட்டை நகத்தில் தட்டினார். பற்றவைத்தார். நாலு இழுவை. பிறகு நெருப்பை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டு, மிச்சப் பாதியை இடக்காதில் செருகினார்.

அவள் திரும்பிப் பின்வளவை எட்டிப் பார்த்தாள். அருள்நாயகத்தின் இடக்காதிலும் ஒரு பாதி இருந்தது.

மாக்கிறட் குசினிக் கதிரையில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

அமிர்தநாயகத்தின் குறைகள் ஒவ்வொன்றுக்கும் அவளிடம் ஒரு பெயர் இருந்தது. குறட்டை, அவருடைய தகப்பன் கொடுத்தது. கடன் கேட்டு வருகிறவர்களுக்கு இல்லை என்று சொல்லத் தெரியாதது, தாய் கொடுத்தது. சிகரெட், றொட்னி கொடுத்தது. முதல் இரண்டு பேரும் செத்துப்போனதால் தப்பித்துக்கொண்டார்கள். உயிரோடிருந்த றொட்னி முழுவதையும் வாங்கிக்கட்டிக்கொண்டான்.

காலைச் சாப்பாட்டுக்கு எல்லோரும் மேசையில் உட்கார்ந்தபோது அவள் விசாரணையைத் தொடங்கினாள். மாதர் சங்கத் தலைவியாக இருக்கிறவளுக்கு விசாரிப்பது கைவந்த கலை.

"அருள் தம்பி, உங்களுக்கு உது ஆர் பழக்கினது?"

அருள்நாயகம் இடியப்பத்தைப் பிசைந்தபடி யோசித்தார். "யாரும் பழக்கல மதினி. பதினாலு வயசு இருக்கும். முகாமுக்கு வெளிய ஒரு டீக்கடை. ஒருத்தர் வச்சிட்டுப் போனதை எடுத்து இழுத்துப் பார்த்தேன். என்னோட இருந்த பெடியங்களும் இழுத்தாங்க. அவங்களுக்கு இருமல் வந்திச்சு. எனக்கு மட்டும் அப்பவே இன்னொண்டு வேணும்போல இருந்திச்சு."

"போன்ல கதைக்கேக்க ஒரு நாளும் காணேல்லையே."

"நீங்க ஏசுவீங்கன்னு அண்ணன் சொல்லியிருந்தார்."

இரட்டையரில் அரைமணி நேரம் மூத்த அண்ணன் தலையைக் குனிந்து சொதியைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்கள் எப்ப துவங்கினனீங்கள்?" என்றாள் மாக்கிறட் அவரைப் பார்த்து.

அமிர்தநாயகத்துக்குப் புரையேறியது. "உனக்குத் தெரியும்தானே. கலியாணத்துக்குப் பிறகு. றொட்னிதான்..." என்று தொடங்கி, மிச்சத்தை இருமலிலேயே முடித்தார்.

டினோஜா சிரித்தாள். அவள் முருங்கனில் ஆசுப்பத்திரித் தாதி. கல்யாண லீவில் வந்திருந்தாள். "அம்மா, இதில ஆர் பழக்கினது எண்டு தேடுறதில அரைவாசிதான் பிரயோசனம். மற்ற அரைவாசி பிறக்கேக்கையே வருது."

"என்ன, பிறக்கேக்க சிகரெட்டோடயே வந்தவை?"

"சிகரெட்டோட இல்லை, ஈரலோட. புகையில இருக்கிற நிக்கொட்டினை ஈரல்தான் உடைக்கிறது. சில பேருக்கு மெல்ல உடையும். சில பேருக்குக் கெதியா உடைஞ்சு முடிஞ்சிடும். முடிஞ்சா அடுத்தது கேக்கும். அது தாய் தகப்பனிட்ட இருந்து வாறது. மூளை அதை எவ்வளவு விரும்புது எண்டதும் அப்பிடித்தான். ஒரே அச்சில இருக்கிற இரட்டைப்பிள்ளையளைத் தேடித் தேடிப் பார்த்திருக்கினம். வேற வேற வீட்டில வளர்ந்தாலும் ஒராள் குடிச்சா மற்றாளும் குடிக்கிறது கூடவாம். சிகரெட் விட வாறவையின்ர கிளினிக்கில எங்களுக்கு இதைச் சொல்லித் தந்தவை."

"காதில செருகிறதும் ஈரலோ?"

"அது எனக்குத் தெரியாது" என்று டினோஜா நேர்மையாக ஒத்துக்கொண்டாள்.

அமிர்தநாயகத்தின் முகம் மலர்ந்தது. இத்தனை வருடமும் குற்றவாளிக் கூண்டில் நின்ற மனிதருக்குச் சொந்த மகளே சட்டத்தரணியாக வந்துவிட்டாள். "கேட்டியோ மாக்கிறட்? என்ர பிழை ஒண்டுமில்லை. பிறப்பு அப்பிடி. பாவம் நான்" என்று சொல்லி, இன்னும் இரண்டு இடியப்பம் எடுத்தார்.

"அப்பா, ரத்தத்தில இருக்கிறது ஆசைதான். கடைக்குப் போறது உங்கட கால்" என்றாள் மகள். "கெதியா உடையிற ஆக்களுக்கு மருந்தும் உதவியும் கூட வேணும், அவ்வளவுதான். கலியாணம் முடிஞ்ச உடனை ரெண்டு பேரும் கிளினிக்குக்கு வாறீங்கள்."

அமிர்தநாயகத்தின் வாய்க்குப் போன இடியப்பம் பாதிவழியில் நின்றது.

மாக்கிறட்டுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் நினைவு வேறெங்கோ இருந்தது. "அப்ப" என்றாள் மெதுவாக, "உவரின்ர ஈரல் செய்த வேலைக்கோ நான் என்ர தம்பியை ஏசினனான்?"



அந்த ஏச்சு சும்மா ஏச்சு அல்ல. டினோஜா கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய முதல்நன்மை நாளில், பூசை முடிந்து சனம் முழுக்கக் கோயில் விறாந்தையில் நிற்கும்போது, றொட்னி மருமகளுக்குப் பெரிய பொம்மையொன்று கொண்டுவந்தான். அன்று காலைதான் மாக்கிறட் புருஷனின் புதுக் காற்சட்டைப் பையில் மறுபடியும் சிகரெட் பெட்டி பிடித்திருந்தாள். தம்பியைக் கண்டதும் வாய் திறந்தது, மூடவில்லை. என்ர மனுசனைக் கெடுத்தவன், என்ர குடும்பத்துக்குள்ள புகையைக் கொண்டுவந்தவன், உன்ர கையால ஒரு சாமானும் என்ர பிள்ளைக்கு வேண்டாம். பாதர் வந்து விலக்கவேண்டியிருந்தது. றொட்னி பொம்மையைப் படியில் வைத்துவிட்டுப் போனான். பிறகு வரவில்லை. பதினைந்து வருடம்.

அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, தம்பியைப் பார்க்கவேண்டும் போல இருந்தது.

"றொசாந்தன், மோட்டச்சைக்கிளை எடு. முள்ளிக்குளத்துக்குப் போவம்" என்று மகனைக் கூப்பிட்டாள்.

அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டிருக்கவேண்டிய அமிர்தநாயகம் பதறிப்போனார். "இப்ப ஏன் அவ்வளவு தூரம்? வெயிலுக்க? அவன் வீட்டில இருக்கமாட்டான். நான் ஒரு போன் எடுத்துச் சொல்லுறன். இல்லாட்டி நானே போட்டு வாறன், நீ இரு."

"நான் ஏசினதுக்கு நீங்கள் போய் என்னத்தைச் சொல்லுறது?" என்றாள் மாக்கிறட். அவருடைய பதற்றத்தை அவள் கவனித்தாள்தான். கல்யாண வீட்டு அலுப்பு என்று நினைத்துக்கொண்டாள்.

பாலம் கடந்து, வங்காலை தாண்டி, அரிப்புப் பக்கமாக மோட்டார் சைக்கிள் ஓடியது. பின்னால் இருந்த மாக்கிறட் சொல்லவேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். 'தம்பி, நடந்தது நடந்துபோச்சு' என்று தொடங்கலாமா? அது மன்னிப்புப் போல இல்லை, தீர்ப்புப் போல இருந்தது. 'நான் பிழை' என்று தொடங்கலாமா? அந்த இரண்டு சொல்லும் அவள் வாய்க்குப் பழக்கமில்லாதவை. அரிப்பு வரும்வரையும் முட்டிக்கொண்டே வந்தன.

அதற்கிடையில் இன்னொரு கவலை பிடித்துக்கொண்டது. ஈரல் தகப்பனிடமிருந்து வருமென்றால் இவனுக்கு? அவள் மெல்ல முன்னுக்குச் சாய்ந்து மகனின் சேர்ட் கொலரை முகர்ந்து பார்த்தாள்.

"அம்மா, நேராயிருங்கோ. மணத்திக்கொண்டு வந்தா என்னெண்டு ஓடுறது?"

"நீ குடிக்கிறனியோ?"

"அப்பாவின்ர ஈரல் எனக்கு வந்திருந்தாலும், வீட்டில உங்கட மூக்கு இருக்கேக்க என்னெண்டு குடிக்கிறது?"

மாக்கிறட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலையிலிருந்து இப்போதுதான் சிரித்தாள்.

றொட்னி இப்போது கடல் தொழிலுக்குப் போவதில்லை. முள்ளிக்குளத்தில் றோட்டோரமாகத் தகரக் கூரை போட்ட தேத்தண்ணிக்கடை அவனுடையது. இவர்கள் போய் இறங்கியபோது அவன் கடைக்குள் கண்ணாடிக் குவளைகளைக் கழுவிக்கொண்டிருந்தான். தலை பாதி நரைத்திருந்தது. அக்காவைக் கண்டதும் கழுவிய குவளையையே திரும்பக் கழுவினான்.

"வாங்கோ அக்கா. இருங்கோ" என்றான் கடைசியில். "மருமகன், நீயும் இரு. எவ்வளவு வளர்ந்திட்டாய்."

றொசாந்தன் கெட்டிக்காரன். சைக்கிளுக்கு வெயில் படுகிறது என்று சொல்லி, அதை உருட்டிக்கொண்டு தூரத்து மரநிழலுக்குப் போய்விட்டான்.

மாக்கிறட் கதிரையின் நுனியில் உட்கார்ந்தாள். வழி முழுக்கச் சேர்த்து வைத்த வார்த்தைகளில் ஒன்றையும் காணவில்லை. நல்லவேளையாக லொறிக்காரர் ஒருவர் வந்து, "ஒரு சிகரெட் தாங்கோ" என்று கேட்டார்.

"என்ர கடையில விக்கிறேல்ல" என்றான் றொட்னி. "இஞ்சி டொபி இருக்கு."

அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார். மாக்கிறட்டின் வாய் தானாகத் திறந்தது.

"நீ குடிக்கிறதை விட்டுட்டியோ?"

"பிடிச்சாத்தானே அக்கா விடுறதுக்கு? ஒருக்கா இழுத்துப் பார்த்தனான். ரெண்டு இழுவைக்கே தலை சுத்தி, வள்ளத்துக்கு வெளியில சத்தி எடுத்தனான். அதோட சரி."

மாக்கிறட்டுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அப்ப அவருக்கு நீ பழக்கினது?"

றொட்னி குவளையைக் கவிழ்த்து வைத்தான். ஈரக் கையைச் சாரத்தில் துடைத்தான். சொல்லலாமா விடலாமா என்று யோசிப்பது அவன் முகத்தில் தெரிந்தது.

"குடிக்கத் தெரியாதவன் என்னெண்டு பழக்கிறது?" என்றான். "அத்தான் மடுவில இருக்கேக்கையே துவங்கீட்டார். பதினாலு வயசில. தானே எனக்குச் சொன்னவர்."

பதினாலு வயதில். கடலுக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர்.

"எனக்குக் கலியாணப் பேச்சுக்கால் நடக்கேக்க, தான் தொட்டதே இல்லையெண்டு மாதா சுரூபத்துக்கு முன்னால சொன்னவர்."

"ஓம். அதுதான் பிரச்சினை. கலியாணம் முடிஞ்சு முதல் மாசம் நீங்கள் தலாணிக்குக் கீழ பெட்டியைக் கண்டுபிடிச்சு அழுதனீங்கள், ஞாபகமோ? அத்தான் கடற்கரை வாடிக்கு ஓடிவந்து என்ர கையைப் பிடிச்சிட்டார். மாதாவுக்கு முன்னால பொய் சொன்னவனெண்டு தெரிஞ்சா உன்ர அக்கா வீட்டை விட்டுப் போயிடுவா, நீ பழக்கினதெண்டு சொல்லு எண்டு கெஞ்சினார். எனக்கு அப்ப பத்தொன்பது வயசு. நீங்கள் அழுறதைப் பார்க்கேலாம ஓமெண்டிட்டன்."

மாக்கிறட்டுக்கு முதலில் கோபம் வந்தது, புருஷனை நினைத்து. அதைத் தள்ளிக்கொண்டு அழுகை வந்தது, தம்பியை நினைத்து. பத்தொன்பது வயதுப் பெடியன் அவளுடைய குடும்பம் உடையக்கூடாது என்று பழியைத் தலையில் வாங்கிக்கொண்டிருக்கிறான். அவள் அதற்கு ஊர் கூட்டி ஏசியிருக்கிறாள்.

"நான் பிழை, தம்பி" என்றாள். வழி முழுக்க வராத இரண்டு சொல்லும் ஒரு தடங்கலுமில்லாமல் வந்தன. "புதன்கிழமை டினோஜாவுக்குக் கலியாணம். நீ வந்து அவளைப் படியிறக்கவேணும். நீ இல்லாட்டி இறங்கமாட்டன் எண்டு நிக்கிறாள்."

றொட்னியின் கண் கலங்கியது. டினோஜா கல்யாணப் பெண் ஆகிவிட்டாள் என்பதை நினைத்துப் பார்க்கவே அவனுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"வாறன் எண்டுதான் வாய் வருது அக்கா" என்றான். "ஆனா நீங்கள் என்னை ஏசினது கோயில் விறாந்தையில. முழு ஊரும் நிண்டது. இண்டைக்கு மன்னிப்புக் கேக்கிறது மட்டும், ஒரு குருவியும் இல்லாத இந்தக் கடைக்குள்ள. நான் புதன்கிழமை பிள்ளையைப் படியிறக்கேக்க, ஒழுங்கை முழுக்க என்ன கதைக்கும்? குடும்பத்தைக் கெடுத்தவன் வந்து நிக்கிறான் எண்டுதானே கதைக்கும்? அந்தப் பேச்சோட என்ர பிள்ளையின்ர கையைப் பிடிக்க எனக்கு விருப்பமில்லை."

"நான் என்ன செய்யவேணும்?"

"ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய, அதே விறாந்தையில நிண்டு சொல்லுங்கோ. அது போதும்."

பேசாலையில் அவள் வாய்க்குப் பயப்படாத மனிதர் இல்லை. பங்குத்தந்தையே அவளைக் கேட்டுத்தான் பெருநாள் அன்னதானத்துக்கு நாள் குறிப்பார். மாதர் சங்கத்துக்கு அவள் சொன்னால் சொன்னதுதான். அந்த விறாந்தையில், அதே சனத்துக்கு முன்னால், தலைவியம்மா தான் பிழை என்று சொல்லவேண்டும். அந்தப் பெண்டுகள் அதைக் கேட்டு வீட்டுக்குப் போய் என்ன மாதிரிச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். அவளும் அந்தப் பெண்டுகளில் ஒருத்திதானே.

சொல்லாவிட்டால் றொட்னி வரமாட்டான். டினோஜா படி இறங்கமாட்டாள்.

றொட்னி அவளுக்கு முன்னால் ஒரு தேத்தண்ணியை வைத்தான். சீனி அளவாக, பால் குறைவாக. இத்தனை வருடத்துக்குப் பிறகும் அவன் கை அதை மறக்கவில்லை. அவள் அதைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுக் குவளையை வைத்தாள்.

"சொல்லுறன்" என்றாள். "சத்தமாவே சொல்லுறன். மைக் தந்தாலும் பிடிப்பன். ஆனா தனிய இல்லை."

கைப்பைக்குள் இருந்து போனை எடுத்தாள். முள்ளிக்குளத்தில் சிக்னல் வந்து வந்து போகும். அன்று நின்று கொடுத்தது. மறுபக்கம் முதல் மணியிலேயே எடுத்தார்கள். காத்திருந்தவர்கள் அப்படித்தான் எடுப்பார்கள்.

"றொட்னி வாறான்" என்றாள் மாக்கிறட்.

"அப்பாடா" என்றார் அமிர்தநாயகம். குரலில் சந்தோஷம் இருந்தது. பயம் இன்னும் போகவில்லை.

"ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு உங்கட வெள்ளைச் சேர்ட்டை எடுத்து அயன் பண்ணி வையுங்கோ. பூசை முடிய நாங்கள் ரெண்டு பேரும் விறாந்தையில நிண்டு ஊருக்குச் சொல்லவேண்டிய விசயம் ஒண்டு இருக்கு. நான் ஏசினதை நான் சொல்லுவன். மாதாவுக்கு முன்னால சொன்ன பொய்யை நீங்கள் சொல்லுவீங்கள்."

மறுபக்கத்தில் சத்தமே இல்லை. சிக்னல் போய்விட்டதோ என்று மாக்கிறட் போனை எடுத்துப் பார்த்தாள். போகவில்லை.

"மாக்கிறட்" என்றார் அமிர்தநாயகம், மிக மெல்லிய குரலில். "அப்ப, றொட்னி எல்லாத்தையும் சொல்லிப்போட்டானோ?"

மாக்கிறட் வாய் திறந்து, ஓம் என்று சொல்லப் போனவள், நின்றாள்.

"எல்லாத்தையும் எண்டா?" என்றாள். "இன்னும் என்ன இருக்கு?"

அவள் திரும்பித் தம்பியைப் பார்த்தாள். றொட்னி விறுக்கென்று திரும்பி, கடையில் இல்லாத ஆளுக்குத் தேத்தண்ணி ஊற்றப் போனான்.